மேலே இருந்த சீட்டு

கண்டக்டர் தன் மகள் வீட்டுக்கு வந்தது இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்றுதான். மனைவி தவறிப்போன மாதம் அது. ஒரு பை, நாலு சட்டை, ஒரு சவரப் பெட்டி, அவ்வளவுதான் சாமான். இரண்டு வாரம் ஒன்பது வருஷமாயிற்று. கிளம்பச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. கிளம்பட்டுமா என்று இவரும் கேட்டு வைக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான், வேறென்ன.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்ற உடம்பு. நாற்காலி காலியாகக் கிடந்தாலும் டீயை நின்றபடியே, தோளைக் கதவு நிலையில் சாய்த்துக்கொண்டுதான் குடிப்பார். பேச்சை முடிக்க வேண்டுமானால் "ரைட்" என்பார். பிடிக்காத பேச்சை நிறுத்த "ஹோல்டான்" என்பார். அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் எண்பது பேரோடு ஒரு வண்டியே நின்றிருக்கிறது. செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து, நீளவாக்கில் மடித்து, விரல் இடுக்கில் செருகி வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்த வீட்டில் அவருக்கு முன்பே ஒரு கிழவர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர்தான். எதிரில் யாராவது பேசினால் அவருடைய பத்து விரலும் தொடைமேல் அதை டைப் அடித்துக்கொண்டே இருக்கும். நம் பேச்சு எங்கேயோ பதிவாகிறது என்று தெரிந்துகொண்டே அவர் முன்னால் வாயாட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கண்டக்டருக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது.

இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் பாத்ரூமுக்குள் யார் முதலில் என்பதிலிருந்து, ஃபேன் இரண்டில் ஓடுவதா மூன்றில் ஓடுவதா என்பது வரைக்கும் தகராறு. இவர்களுடைய வாய் ஓயட்டும் என்று மகள்தான் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்தாள். பாவம், எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று முதல் மத்தியானம் கை கழுவின ஈரம் காய்வதற்குள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆடுவது ரம்மி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. மீதிக் கட்டு நடுவில் கவிழ்ந்து கிடக்கும். தன் முறை வரும்போது கட்டிலிருந்தோ, எதிராளி கழித்துப் போட்டதிலிருந்தோ ஒன்றை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஒன்றைக் கீழே போட வேண்டும். கையிலுள்ளதெல்லாம் வரிசையாகவும் ஒரே மாதிரி மூன்றாகவும் சேர்ந்ததும், மிஞ்சிய சீட்டைக் கவிழ்த்து வைத்து "ஷோ" என்றால் ஆட்டம் முடிந்தது. முதல் மாதமே ஒரு பெரிய சண்டை வந்து, டைப்பிஸ்ட் தன்னுடைய பழைய மெஷினில் ஒன்பது விதிகளை அடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அலமாரிக் கதவில் ஒட்டினார். பிசகில்லாத தாள். ஒரு புள்ளிகூட அடித்துத் திருத்தப்படவில்லை.

இரண்டாம் வருஷம் அந்தச் சீட்டுக்கட்டில் கிளாவர் ஏழு காணாமல் போனது. கட்டில்களை நகர்த்தினார்கள், மெத்தையைத் தட்டினார்கள், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். கிடைக்கவில்லை. சீட்டுக்கட்டில் இருந்த ஒரே ஜோக்கரை, மணி வைத்த குல்லாவோடு பல்லைக் காட்டும் அந்த ஆளை, எடுத்து மூலையில் சிவப்பு மையால் "கிளாவர் 7" என்று எழுதினார் டைப்பிஸ்ட். அதற்கப்புறம் அவர்கள் ஆட்டத்தில் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர் கிடையாது. நாளாவட்டத்தில் சிவப்பு மை கரைந்து போனது, யாரும் திருப்பி எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் குல்லாக்காரன் என்றால் கிளாவர் ஏழு. எட்டு வருஷமாக அப்படித்தான்.

அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மாப்பிள்ளையின் கம்பெனி இடம் மாறியது. தூரத்து ஊர், கம்பெனியே கொடுக்கும் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அப்புறம் அறை என்று சொல்லிக்கொள்ள ஒரு பொந்து. ஒரு கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. டைப்பிஸ்ட் அந்த அறையின் அளவைக் கேட்டு வாங்கி, தாளில் கோடு போட்டு, கட்டில் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, அதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். கண்டக்டரும் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் உள்ள தள்ளுங்க, இன்னும் உள்ள தள்ளுங்க" என்றார். எவ்வளவு நெரிசலிலும் இன்னொரு ஆளை ஏற்றிப் பழகியவர். அந்த இரண்டாவது துண்டு மட்டும் ஏறவில்லை. நாலு பேருமாகப் போய், யாருக்கு என்று சொல்லிக்கொள்ளாமல், ஒரு முதியோர் இல்லத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. எட்டாம் நாள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் திறந்தார்கள். "எங்க அப்பாவ நான் எங்க விடுறது? அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் அவள். "அப்போ எங்க அப்பாவுக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு" என்றான் அவன். இரண்டும் நியாயமான கேள்விதான். கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்டின் விரல்கள் அன்றைக்கு அசையவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் வேலைக்குப் போனதும் டைப்பிஸ்ட்தான் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, அவங்க ரெண்டு பேரும் நம்மளால அடிச்சுக்கிறாங்க. அவங்க முடிவு பண்ணா, யாரு பக்கம் முடிவானாலும் இன்னொருத்தர் சாகுற வரைக்கும் மறக்க மாட்டாங்க. நாமளே முடிவு பண்ணிடுவோம்."

"எப்படி?"

"ஒரே ஆட்டம். ஜெயிச்சவர் அவங்க கூடப் போகணும். தோத்தவர் அந்த முதியோர் இல்லத்துக்குப் போகணும். அதுவும், தானா ஆசைப்பட்டுப் போறதாச் சொல்லணும். சீட்டு விஷயம் வெளிய போகக் கூடாது."

கண்டக்டருக்கு அந்த இல்லம் நினைவுக்கு வந்தது. ஒரு அறைக்கு நாலு கட்டில், கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு நம்பர், சாப்பாட்டுக்கு மணி. அங்கே ஒரு பெரியவர் இவரைப் பார்த்து, "நீங்க எந்தக் கட்டில்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருந்தது. ஆனாலும் இந்த மனுஷனிடம் பின்வாங்க மனம் வரவில்லை. "ரைட்" என்றார்.

பழைய கட்டு வேண்டாம் என்று இரண்டு பேருக்குமே பட்டது. காரணத்தை யாரும் வெளியே சொல்லவில்லை. எந்தச் சீட்டின் முதுகில் எங்கே கறை, எது மூலை மடிந்தது என்பது இருவருக்கும் அத்துப்படி. எதிராளிக்கும் அது தெரியும் என்பதும் தெரியும். ஒன்பது வருஷம் பரஸ்பரம் கண்டுகொள்ளாமல் விட்ட திருட்டுத்தனம் அது. கண்டக்டர் தெருமுனைக் கடைக்குப் போய்ப் புதுக் கட்டு வாங்கி வந்தார். டைப்பிஸ்ட் மேலுறையைக் கிழித்து, அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் விதிப்படி. ஒரு ஜோக்கர் உண்டு" என்றார். இரண்டு ஜோக்கரில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் சேர்த்தார். கட்டைக் கலைத்து வெட்டச் சொன்னார்.

மத்தியானம் இரண்டு மணி. புதுச் சீட்டு விரலில் நிற்காமல் வழுக்கியது. டைப்பிஸ்ட் தன் சீட்டுகளை அளவெடுத்த மாதிரி சமமாக விரித்துப் பிடித்திருந்தார், ஆனால் அந்த விசிறியின் நுனி நடுங்கிற்று. அதைப் பார்த்ததும் கண்டக்டருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும்.

கண்டக்டருக்கு நல்ல கை. ஆர்ட்டின் மூன்று, நாலு, ஐந்து சேர்ந்துவிட்டது. மூன்று ராஜாக்கள் சேர்ந்துவிட்டார்கள். இஸ்பேட் ஒன்பதிலிருந்து ராணி வரைக்கும் வரிசை நின்றது. டைமன் ஒன்பதும் ஜாக்கியும் இருந்தன, நடுவில் பத்து வேண்டும். மிச்சம் ஒரு கிளாவர் இரண்டு. டைமன் பத்து ஒன்று வந்தால் மகளோடு போகலாம். வராவிட்டால் தலைமாட்டில் நம்பர். இப்படி ஒரு கணக்கில் வாழ்க்கை வந்து நிற்கும் என்று யார் நினைத்தது?

பத்து வரவில்லை. எடுத்தார், போட்டார். எடுத்தார், போட்டார். எதிரிலும் அதே கதைதான். டைப்பிஸ்ட் கட்டிலிருந்து எடுப்பார், கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார், உதட்டைக் கடிப்பார், கீழே போடுவார். ஒரு சீட்டில் அவரும் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எந்தச் சீட்டு என்பதுதான் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் கிளாவர் பத்தைக் கழித்திருந்தார், ஆகவே கிளாவர் இல்லை என்று கண்டக்டர் தீர்மானித்துக்கொண்டார்.

கண்டக்டரின் முறை வந்தது. கட்டிலிருந்து எடுத்தார். குல்லாக்காரன்.

'சை, கிளாவர் ஏழு' என்றது மனசு. சின்ன சீட்டு கையில் இருக்க, பெரியதை முதலில் கழற்றுவது அவர் வழக்கம். யோசிக்கவே இல்லை. எடுத்த வேகத்தில் கீழே போட்டார்.

டைப்பிஸ்ட் கட்டுப் பக்கம் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டு, கீழே கிடந்த குல்லாக்காரனை இரண்டு விரலால் எடுத்தார். கிளாவர் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகினார். மிஞ்சிய ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"ஷோ" என்றார்.

மூன்று ஆசு. ஆர்ட்டின் எட்டிலிருந்து ஜாக்கி வரை. இஸ்பேட் இரண்டு, மூன்று, நாலு. கிளாவர் ஆறு, ஏழு, எட்டு. கண்டக்டர் ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. டைப்பிஸ்ட் எழுந்தார். "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று சமையலறைக்குப் போனார். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, அதற்கு மேல் ஒரு விசும்பலும் கேட்டது. எழுபத்திரண்டு வயது மனுஷர் நிம்மதியில் அழுதார்.

கண்டக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். தனக்கு அடுத்ததாக என்ன வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் அல்ப ஆசை, தோற்றவனுக்கெல்லாம் உண்டே, அது. கட்டின் மேல் சீட்டைப் புரட்டினார்.

கிளாவர் ஏழு.

ஒரே சீட்டுக்கட்டில் ஏது இரண்டு கிளாவர் ஏழு? அவருடைய கண் மேஜைக்குப் போனது. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் குல்லாக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். மூலையில் சிவப்பு மை இல்லை. அது ஜோக்கர். கையில் வந்தபோதும் ஜோக்கர்தான். டைமன் பத்துக்குப் பதிலாக அதை நிறுத்தி அப்போதே அவர் ஷோ சொல்லியிருக்கலாம். தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அடுத்ததாக விதி ஆறு நினைவுக்கு வந்தது. அலமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். 'கீழே போட்ட ஜோக்கரை எடுத்தல் கூடாது. எடுத்து ஷோ சொல்பவர் தோற்றவராவார்.'

ஆக, ஜெயித்தது இவர். ஆனால் அந்த டைப்பிஸ்ட் குல்லாக்காரனைத் தொடாமல், வழக்கம்போலக் கட்டிலிருந்து எடுத்திருந்தால்? இதோ இந்த நிஜக் கிளாவர் ஏழுதான் வந்திருக்கும். எந்த விதியும் குறுக்கே வராமல் அந்த மனுஷர் ஜெயித்திருப்பார்.

குழாய் நின்றது. கண்டக்டருக்கு நாலு கட்டில் அறை கண் முன்னால் வந்தது. டிக்கெட் இல்லாதவர் யாராக இருந்தாலும் இறக்கிவிட்டவன் நான், விதி விதிதானே என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே, கையிலிருந்த கிளாவர் ஏழைக் கட்டின் நடுவில் நுழைத்தார். இதுதான் அவர் வாழ்க்கையில் எதிராளிக்குத் தெரியாமல் செய்த ஒரே திருட்டு. விதியை நம்பினவர் அந்தச் சீட்டை ஏன் ஒளிக்க வேண்டும்?

டைப்பிஸ்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி," என்றார் கண்டக்டர், "அது ஜோக்கர்."

"எது?"

"நீங்க எடுத்தது. இது புதுக் கட்டு."

டைப்பிஸ்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குல்லாக்காரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு மையைத் தேடினாரோ என்னவோ, மூலையைக் கட்டை விரலால் தேய்த்தார். பிறகு அலமாரிக்குப் போய், தானே அடித்த தாளை முதல் வரியிலிருந்து படித்தார். ஆறாவது விதியில் விரலை வைத்தார்.

"நான் அடிச்சதுதான்" என்றார். "நீங்களும் கிளாவர் ஏழுன்னுதான் போட்டீங்க?"

"ஆமா."

"சரியாப் போச்சு." சிரிக்கப் பார்த்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார், ஷோவுக்குக் கவிழ்த்து வைத்திருந்த சீட்டை, அது டைமன் இரண்டு, திருப்பிச் சேர்த்தார், கட்டை உறைக்குள் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். கோர்ட்டில் எத்தனையோ பொய் சாட்சியைக் கேட்டு டைப் அடித்தவர், தானும் ஒன்று சொன்னார். "அங்க லைப்ரரி இருக்கு. என் வயசு ஆளுங்க இருக்காங்க. எனக்கு அதுதான் தோதுப்படும்" என்றார். மகன் "அதெல்லாம் வேணாம்ப்பா" என்றான். மறுபடி ஒருமுறை "யோசிச்சுச் சொல்லுங்கப்பா" என்றான். மூன்றாவது முறை சொல்லவில்லை. மருமகள், "மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிற முகத்தில் ஒரு பாரம் இறங்கிய நிம்மதியைக் கண்டக்டர் பார்த்தார். டைப்பிஸ்டும் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் வண்டியை நிறுத்திய 'ஹோல்டான்' கண்டக்டரின் தொண்டை வரைக்கும் வந்தது. வாயை விட்டு வரவில்லை.

புது வீடு ஏழாவது மாடி. மகளும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார்கள். வந்ததும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொள்வார்கள். குற்றம் சொல்ல முடியாது, அலுப்பு. கண்டக்டர் பொந்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாதி திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் பாத்ரூமுக்கு முதலில் போனார்கள் என்று கேட்க நாதியில்லை. ஃபேன் மூன்றில் ஓடியது. அவருக்குப் பிடித்த மூன்றுதான், ஆனால் அதை இரண்டில் வைக்கச் சொல்ல ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சீட்டு விளையாடக் கூப்பிட்டார். மூன்றாவது எடுப்பில் இவருக்கு ஜோக்கர் வந்தது. "கிளாவர் ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "பெரியவருக்குக் கண்ணு போச்சு" என்றார் ஒருவர். ஜோக்கரைப் பார்த்துக் கிளாவர் ஏழு என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவரைத்தான் இவர் நம்பர் போட்ட கட்டிலுக்கு அனுப்பிவைத்திருந்தார். சீட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தவர் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு டைப்பிஸ்ட் போன் செய்வார். முதலில் மகன், பிறகு மருமகள், கடைசியில் சம்பந்தி. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அவ்வளவுதான் பேச்சு. அங்கே சீட்டு ஆடுவீங்களா என்று ஒருமுறை கேட்டதற்கு, "இங்க சண்டை போட ஒருத்தரும் இல்ல" என்றார். பின்னாலிருந்து டக் டக்கென்று மெல்லிய சத்தம் கேட்கும். இவர் பேசுவதை அங்கே கட்டில் சட்டத்தில் விரலால் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டக்டருக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைப்பிஸ்ட் கேட்டார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு நான் தண்ணி குடிக்கப் போனேன்ல. அப்போ கட்டுல மேல இருந்த சீட்டு என்னன்னு பாத்தீங்களா?"

கண்டக்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "ஏன் கேக்குறீங்க?"

"படுத்தா அதே நினைப்பாவே இருக்கு. கட்டுல எடுக்கக் கை நீட்டிட்டு, அப்புறம்தான் குல்லாக்காரன எடுத்தேன். அதைத் தொடாம இருந்திருந்தா என்ன வந்திருக்கும்? ஏதோ ஆகாத சீட்டுன்னு தெரிஞ்சா மனசு ஆறிடும். தூங்கிடுவேன்."

உண்மையைச் சொன்னால் அந்த மனுஷர் அங்கே எப்படி இருப்பார் என்று நினைத்தார் கண்டக்டர். அது கருணைதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் அதில் பாதிக்குப் பாதி இருந்தது. ஏதாவது ஒரு சீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த மேஜையை நினைத்ததும் எது கண்ணில் பட்டதோ அதுவே நாக்கில் வந்தது.

"பாத்தேன், சம்பந்தி. டைமன் ரெண்டு. ஒண்ணுத்துக்கும் ஆகாத சீட்டு."

டக் டக் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடித்தது. பிறகு நின்றது.

"டைமன் ரெண்டை நான்தானே கவுத்து வெச்சு ஷோ சொன்னேன்" என்றார் டைப்பிஸ்ட்.

அந்தக் குரலில் கோபமில்லை, திட்டில்லை. அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது.

"சாப்பாட்டுக்குக் கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் போனை வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் போன் செய்தார். மகனிடம் பேசினார், மருமகளிடம் பேசினார். கண்டக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, "வெச்சுட்டாங்கப்பா" என்றாள்.